லில்லி கொடுத்த தோல்விகள்

விஜயராஜ் எந்த இயந்திரத்தை வாங்கப் போனாலும் முதலில் கேட்பது, எச்.பி. எத்தனை என்பதுதான். டிராக்டருக்குக் கேட்டான், போர் மோட்டாருக்குக் கேட்டான், அதில் தப்பில்லை. கல்யாணமான புதிதில் மிக்சி வாங்கப் போன கடையிலும் அதையே கேட்டு, கடைக்காரரைத் திருதிருவென்று விழிக்க வைத்தவன் அவன். குருவிநத்தத்தில் ஆற்றை ஒட்டி மூன்று காணி கரும்பும் ஒன்றரைக் காணி நெல்லும் வைத்திருக்கிற மனுஷன். சக்தி குறைந்த எதையும் வீட்டுக்குள் விடமாட்டான். ஆகவே, அவன் மனைவி மஞ்சுளா தனக்கு செஸ் சாப்ட்வேர் ஒன்று வேண்டும் என்று சொன்னபோது அவன் வேறு என்ன கேட்டிருக்க முடியும்?

மஞ்சுளா பாகூர் உழவர் உதவியகத்தில் கிளார்க். விதைநெல் மானிய விண்ணப்பங்களைச் சரிபார்த்துச் சரிபார்த்து முப்பத்தெட்டு வயதிலேயே கண்ணாடி போட்டவள். அரசு ஊழியர் பெண்கள் செஸ் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், ஜூலையில் முதல் கட்டம், அக்டோபரில் கடைசித் தேர்வு, அணியில் இருக்கிற நாலு பேரும் டிசம்பரில் தேசியப் போட்டிக்குப் போபால் போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. அதை அவள் மூன்று முறை படித்தாள். பதினாறு வயதில் பள்ளி அணியில் அவளுக்கு ஒரு முறை வெளிமாநிலம் போக இடம் கிடைத்தது. வயசுப் பெண்ணை ரயிலேற்றி விடுவதா என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். அதையெல்லாம் மறந்துவிட்டேன் என்று அவள் யாரிடமும் சொல்வாள். சுத்தப் பொய். இன்றுவரை அவள் போன அதிக தூரம் திருப்பதி. இந்த முறை அந்த நாலு பேரில் தான் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது.

கடைசியில் இரண்டு சாப்ட்வேர் மிஞ்சின. ஒன்றின் ஆட்ட பலம் மூவாயிரத்து அறுநூறு. இன்னொன்று இரண்டாயிரத்து எழுநூறுதான், ஆனால் படிப்பதற்கென்றே செய்தது. நம் ஆட்டங்களைச் சேர்த்து வைக்கும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் குறிப்பு எழுதலாம், நாம் செய்த தப்பையே வாரம் ஒரு முறை பயிற்சியாக முன்னால் கொண்டுவந்து வைக்கும். பலத்தைக் குறைத்து, மனிதர்களைப் போலச் சறுக்கி விளையாடவும் சொல்லலாம்.

"சறுக்குறதுக்கு எதுக்கு ஒரு மிசினு? அதான் நானே கீறேனே," என்றான் விஜயராஜ். "ஒலகத்துலயே பெரிய ஆட்டக்காரனுக்கு எவ்ளோன்ன?"

"ரெண்டாயிரத்து எண்ணூறு சொச்சம்."

"இது மூவாயிரத்து அறுநூறு! இதோட பழகிக்கோ மஞ்சு, அப்புறம் எந்தப் பொம்பள உம்முன்னால குந்துவா?"

முழுப் பழியையும் அவன் தலையில் போடுவது நியாயமில்லை. மஞ்சுளாவுக்கும் உள்ளுக்குள் அதே ஆசைதான். உலகத்திலேயே பலமானது என் மேசையில் இருக்கிறது என்பதில் ஒரு மிதப்பு இருந்தது. பெரியதையே ஏற்றினார்கள்.

அது அவளை முதல் நாள் பத்தொன்பது நகர்த்தலில் முடித்தது. இரண்டாம் நாள் இருபத்திரண்டு. ஒரு மாதத்தில் அவள் முப்பது, முப்பத்தைந்து என்று தாங்கத் தொடங்கினாள். ஜெயிப்பது என்ற பேச்சே இல்லாததால் வீட்டில் கணக்கு அப்படி மாறிவிட்டது. வயலிலிருந்து வந்து கால் கழுவும்போதே விஜயராஜ், "இன்னிக்கி எவ்ளோ தாங்குன?" என்று கேட்பான். ஒரு நாள் அவள் நாற்பத்தெட்டு என்றாள். அவன் அதை டீக்கடையில் போய்ச் சொல்லி, நாலு பேருக்கு மசால்வடை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தான். அந்த மனுஷனின் பெருமையைப் பார்க்க மஞ்சுளாவுக்கு நெஞ்சு நிறைந்தது. தான் இரண்டு மாதமாகத் தோற்பதற்கு மட்டுமே பழகிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஜூலை முதல் கட்டத்தில் அது உறைத்தது. நாலாவது சுற்றில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தவள் லில்லி, கரிக்கலாம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். முப்பது, முப்பத்தொன்று வயதிருக்கும். நகம் கடித்துக்கொண்டே விளையாடினாள். இருபத்தாறாவது நகர்த்தலில் லில்லி தன் யானையை, மஞ்சுளாவின் மந்திரி வெட்டக்கூடிய கோட்டிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். காவல் ஒன்றும் இல்லை. சும்மா எடுத்துக்கொள்ளலாம்.

மஞ்சுளா எடுக்கவில்லை. பதினெட்டு நிமிஷம் அந்த யானையைப் பார்த்தாள். இரண்டு மாதமாக அவள் பழகிய எதிராளி ஒரு சிப்பாயைக்கூடக் காரணமில்லாமல் விட்டதில்லை. அது எதையாவது கொடுத்ததென்றால், ஆறு நகர்த்தல் தள்ளி அவளுடைய ராஜாவுக்கு முடிவு கட்டியிருக்கும். இதிலும் ஏதோ இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துத் தன் ராஜாவை ஒரு கட்டம் ஓரமாக ஒதுக்கினாள். லில்லி யானையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். அதற்குமேல் மஞ்சுளாவுக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. தோற்றாள்.

வெளியே குழாயடியில் லில்லி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, அந்த யானைய ஏன்க்கா எடுக்கல?"

"எடுத்தா இன்னா பண்ணியிருப்ப?"

"இன்னா பண்ணுவேன்? எழுந்து வூட்டுக்குப் போயிருப்பேன். பாக்காம வெச்சிட்டேங்க்கா. நீ எடுக்குறியா எடுக்குறியான்னு ஒன் கையயே பாத்துகினு குந்தியிருந்தேன்."

மஞ்சுளா குழாயைத் திறந்து முகம் கழுவினாள். பிறகு அந்த மூவாயிரத்து அறுநூறு கதையைச் சொன்னாள். தாங்கிய கணக்கையும் சொன்னாள், மசால்வடையையும் சொன்னாள். லில்லி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"அது தப்பே பண்ணாதுக்கா. அதோட ஆடி ஆடி, மனுசங்க தப்பு பண்ணுவாங்கன்றதே ஒனக்கு மறந்து பூடுச்சி," என்றாள். "எங்க லேப்புல சக்கர எரநூத்தம்பதுன்னு மட்டும் மிசினு காட்டும். நேத்து இன்னா சாப்ட்டன்னு ஆளத்தான் கேக்கணும். எங்கிட்ட படிக்கிற சாப்ட்வேரு ஒண்ணு கீது. வந்து பாரு."

எட்டுப் பேரைக் கடைசித் தேர்வுக்கு எடுத்தார்கள். லில்லி மூன்றாவதாக வந்தாள். மஞ்சுளா எட்டாவதாக, வாசல்படியில் கால் இடறி உள்ளே விழுந்த மாதிரி, எப்படியோ நுழைந்தாள்.

வீட்டில் விஜயராஜ் விஷயத்தைக் கேட்டுவிட்டு வெகுநேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தான். தப்பை ஒப்புக்கொள்ள அவனுக்கு டிராக்டர் வழியாகத்தான் வரத் தெரியும்.

"நடவுக்குச் சேத்துல சேட ஓட்டும்போது பெரிய வண்டிய எறக்குனா இன்னா ஆவும்?"

"பொதஞ்சிடும்."

"போன வருசம் தங்கவேலு வண்டி பொதஞ்சி, தூக்க இன்னொரு வண்டி வந்து, அதுவும் பொதஞ்சிச்சி. நம்ம சேத்துக்குச் சின்ன வண்டிதான் மஞ்சு. எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனா நம்பரப் பாத்தா புத்தி கெட்டுப் பூடுது," என்று எழுந்து போனான். அன்று சாயங்காலம் அவனே அவளை வண்டியில் ஏற்றிக் கரிக்கலாம்பாக்கத்தில் லில்லி வீட்டு முன்னால் இறக்கிவிட்டான்.

மாதா கோயில் தெருவில் கடைசி வீடு. லில்லி ஒரு பென்டிரைவில் தன்னிடம் இருந்ததை அப்படியே இழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சுளா, தான் வேண்டாமென்று விட்ட அந்த இரண்டாயிரத்து எழுநூறு சாப்ட்வேரை ஏற்றி, லில்லியின் கோப்பைத் திறந்தாள். பயிற்சிப் பாடங்கள் இருக்கும் என்று நினைத்தாள். இருந்தவை, லில்லி தோற்ற நூற்று எழுபத்துமூன்று ஆட்டங்கள்.

அந்த சாப்ட்வேருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தப்பான நகர்த்தலுக்கு விடையைச் சட்டென்று காட்டாது. நீ என்ன நினைத்து இதை வைத்தாய், முதலில் எழுது என்று ஒரு கட்டத்தைத் திறந்து காத்திருக்கும். எழுதிய பிறகுதான் தன் கருத்தைச் சொல்லும். லில்லி எல்லாவற்றையும் எழுதியிருந்தாள், கொஞ்சம்கூட மறைக்காமல். 'கடுப்பில் வைத்தது.' 'பஸ்ஸுக்கு நேரமாச்சு என்ற அவசரம்.' 'எதிரில் இருப்பவள் இங்கிலீஷில் பேசினாள், பயந்துவிட்டேன்.' 'குதிரை பின்னால் போகும் என்பதை நான் பார்ப்பதே இல்லை. இது பன்னிரண்டாவது முறை.'

மஞ்சுளா இரண்டாவது ஆட்டத்தோடு நிறுத்திக்கொண்டாள். அக்டோபரில் தன்னோடு நாலு இடத்துக்குப் போட்டி போடப் போகிற ஒருத்தியின் பலவீனம் முழுவதும் இங்கே இருக்கிறது. லேப்டாப்பை மூடிவிட்டு லில்லிக்குப் போன் போட்டாள்.

"லில்லி, நீ தெரியாம ஒன் ஆட்டமெல்லாம் குடுத்துட்ட."



"தெரியும்க்கா. நீ போனப்புறந்தான் பாத்தேன். தூக்கமே வர்ல. காலைல மொத வேலையா வந்து பென்டிரைவ வாங்கிடணும்னுதான் இருந்தேன்."

"வா, தரேன். நான் ரெண்டுதான் பாத்தேன்."

"இல்ல, வெச்சிக்கோ. அத வாங்கிட்டா வெறும் சாப்ட்வேரதான் குடுத்த மாதிரி ஆவும். அதுல இன்னா எழுதணும்னு ஒனக்கு எப்டித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு உடனே, "ஆனா ஒண்ணு. ஒன்னுதையும் எனக்குக் குடுக்கணும்," என்றாள்.

மஞ்சுளா அழுதுவிட்டாள். சொந்தத் தங்கச்சி இப்படிச் செய்வாளா என்று நினைத்தாள். அவளுக்குத் தங்கச்சி கிடையாது, அது வேறு விஷயம்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் லில்லி வீட்டில் உட்கார்ந்தார்கள். விஜயராஜ் பொண்டாட்டிக்கு அந்தத் தெருவில் என்ன வேலை என்று ஊரில் இரண்டு பேர் பேச்சைக் கிளப்பினார்கள். "செஸ் கத்துக்கப் போறா, நீயும் வரியா?" என்று விஜயராஜ் திருப்பிக் கேட்டதில் அந்தப் பேச்சு அடங்கியது. பெரிய இயந்திரத்திடம் தாங்கிய ஆட்டங்களையும் மஞ்சுளா ஏற்றினாள். நாற்பத்தெட்டு நகர்த்தல் ஆட்டத்தில் அவள் எழுதிய குறிப்புகளை லில்லி எண்ணிப் பார்த்தாள். இருபத்தொரு இடத்தில் 'பயம்' என்று இருந்தது.

"வெறும் பயம்னு எழுதாதக்கா. எதுக்குப் பயம்னு எழுது."

எழுத எழுத அவளுக்கே தெரிந்தது. காய்களை வெட்டிக் குறைக்கப் பயம். ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிவிட்டால் ஒரு நகர்த்தல் பிசகினாலும் போயிற்று, ஒளிந்துகொள்ள இடம் இல்லை என்பதால் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறாள். சாப்ட்வேர் அதைக் கண்டுபிடித்து, வாராவாரம் அதே மாதிரி முடிவாட்டங்களாகக் கொண்டுவந்து வைத்தது. விரல்விட்டு எண்ணி எண்ணி விளையாடினாள். பலத்தை ஆயிரத்து ஐந்நூறில் வைத்து, மனிதரைப் போலச் சறுக்கும் எதிராளியை அவள் முதல் தடவை ஜெயித்த அன்று, கரும்புத் தோட்டத்தில் இருந்த புருஷனுக்குப் போன் போட்டுக் கத்தினாள். அவனும் அங்கிருந்து கத்தினான்.

அக்டோபர் தேர்வு வில்லியனூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், இரண்டு நாளில் ஐந்து சுற்று. மஞ்சுளாவும் லில்லியும் மூன்றாவது சுற்றில் மோதி டிரா செய்தார்கள். ஒருவர் தப்பு ஒருவருக்கு மனப்பாடம், வேறு என்ன ஆகும்? கடைசிச் சுற்றுக்கு முன்னால் மூன்று இடம் ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. மிச்சமிருந்த ஒரு இடம் இவர்கள் இரண்டு பேரில் ஒருத்திக்கு. லில்லிக்கு இரண்டரைப் புள்ளி, மஞ்சுளாவுக்கு இரண்டு. சமமாக வந்தால் ஜூலையில் முன்னால் இருந்த லில்லிக்குத்தான் இடம் என்று நடுவர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

கடைசிச் சுற்றில் மஞ்சுளாவுக்கு எதிரே உஷாராணி, டவுனில் கருவூலத்தில் வேலை, அனுபவசாலி. மூன்று மணி நேரம் ஆனது. இருவரிடமும் ஒரு குதிரையும் நாலு சிப்பாயும் மிஞ்சின. பக்கத்து மேசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டு மஞ்சுளா நிமிர்ந்தாள். லில்லி எழுந்து நின்றாள். அவளுடைய ராஜா பலகையில் சாய்ந்து கிடந்தது. தோற்றுவிட்டாள். யாரையும் பார்க்காமல் வராந்தாவுக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"டிரா?" என்று உஷாராணி மெதுவாகக் கேட்டாள்.

மஞ்சுளா பலகையைப் பார்த்தாள். குதிரையைக் குதிரையால் வெட்டினால் ராஜாவும் சிப்பாயும் மட்டும். எண்ணினாள். தான் ஒரு நகர்த்தல் முன்னால். மறுபடி எண்ணினாள். ஒரு நகர்த்தல்தான். கை போகவில்லை. இந்தக் கணக்கை எண்ணக் கற்றுக்கொடுத்தவள் வராந்தாவில் இருக்கிறாள், டிரா என்று ஒரு வார்த்தை சொன்னால் போபால் அவளுக்கு, குதிரையை வெட்டினால் அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறேன் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. கடிகாரம் ஓடியது.

குதிரையை வெட்டினாள். அப்புறம் பதினேழு நகர்த்தல். அவளுடைய சிப்பாய் கடைசிக் கட்டத்தில் ஏறி ராணி ஆனபோது உஷாராணி கையை நீட்டினாள்.

நடுவர் பெயர்களைப் படித்தார். நாலாவதாக மஞ்சுளாவின் பெயர் வந்தது. சந்தோஷம் எங்கிருந்தோ பொங்கி வந்தது, வராந்தாவைப் பார்த்ததும் பாதியிலேயே நின்றுவிட்டது. லில்லி எழுந்து வந்து கை கொடுத்தாள்.

"லில்லி..."

"பேசாத. வா, பஸ்ஸுக்குப் போலாம்."

பாகூர் பஸ் வர அரை மணி நேரம் இருந்தது. நிறுத்தத்தில் வெயில் முதுகில் அடித்தது. லில்லி திடீரென்று கையை நீட்டினாள். "ஆட்டத்தக் குடு."

மஞ்சுளா நகர்த்தல் எழுதிய தாளைக் கொடுத்தாள். லில்லி மடியில் விரித்து வைத்துக்கொண்டு விரலால் கீழே கீழே போய், குதிரையை வெட்டிய இடத்தில் நிறுத்தினாள்.

"இங்க இன்னா நெனச்ச?"

"லில்லி, வேணாம்."

"இன்னா நெனச்சன்னு கேட்டேன்."

மஞ்சுளா பஸ் வரும் திசையைப் பார்த்தாள். பொய் சொல்லலாம். எண்ணினேன், ஜெயிப்பு தெரிந்தது, வைத்தேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மூன்று மாதம் இவள் எழுதியதைப் படித்துவிட்டு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"ஜெயிப்புன்னு தெரிஞ்சது. ரெண்டு வாட்டி எண்ணுனேன். ஆனா நீ வெளிய குந்தியிருந்த. டிரான்னு சொல்லிடலாமான்னு நெனச்சேன். பாதி நிமிசம் நெசமாவே சொல்லியிருப்பேன். அப்புறம் எனக்குப் போவணும்னு இருந்திச்சி லில்லி. ரொம்பப் போவணும்னு இருந்திச்சி. வெட்டிட்டேன்."

லில்லி தலையைத் தூக்கவில்லை.

"எனக்கு வயிறு எரியுதுக்கா. சந்தோசமா கீதுன்னுல்லாம் சொல்ல மாட்டேன்," என்றாள். "ஆனா நீ அங்க டிரா குடுத்துட்டு, எனக்காகத்தான்னு என் முன்னாடி வந்து நின்னிருந்தா, செத்தாலும் ஒன்னோட பேசியிருக்க மாட்டேன்."

மஞ்சுளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். லில்லி விடுவித்துக்கொள்ளவில்லை.

"ஒனக்கு நான் இன்னா திருப்பிச் செய்யப் போறேன்னே தெரியல," என்றாள் மஞ்சுளா. "இருவத்திரெண்டு வருசம் லில்லி. எங்க அம்மா அப்பா போவ வேணாம்னாங்க. நீதான் என்ன ரயிலேத்தி வுடற."

"அடுத்த வருசம் அந்த எடம் எனக்கு. அதுக்குத்தான் ஆட்டம் கேக்கறேன்," என்று மூக்கை உறிஞ்சினாள் லில்லி. பையைத் துழாவி ஒரு பேனாவை எடுத்து, குதிரையை வெட்டிய நகர்த்தலுக்குப் பக்கத்தில், இடம் போதாமல் ஓரத்தில் வளைத்து, மஞ்சுளா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதத் தொடங்கினாள். 'போகணும்' என்ற இடத்தில் நிறுத்தி, "ரொம்பன்னு சொன்னல்ல?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றாள் மஞ்சுளா. "ரொம்ப."

லில்லி அதையும் சேர்த்து எழுதினாள்.